அழுத்தமா, கசிவா? சின்ன மாடல் எஞ்சினில் கம்ப்ரஷன் பார்க்க எந்த வழி?

கார், பைக் மெக்கானிக் பிளக்கைக் கழற்றி கேஜைச் செருகுவார், ஸ்டார்ட்டரை அழுத்துவார், முள் காட்டுகிற எண்ணை மேனுவலோடு ஒப்பிடுவார். அதே பழக்கத்தை மாடல் விமானத்தில் வரும் 6.5 சி.சி. குளோ எஞ்சினுக்கு (பொறி இல்லாமல், பிளக்கின் தணல் கம்பியால் எரிபொருளைப் பற்றவைப்பது) கொண்டுவந்தால், முள் காட்டுவதில் பாதிக்கு மேல் கேஜின் கதையாகத்தான் இருக்கும். எஞ்சின் நன்றாக இருக்கும், கேஜ் அதைச் செத்ததாகச் சொல்லும். சில வேளை தேய்ந்துபோன எஞ்சினைப் பிரமாதம் என்றும் சொல்லும். அதனால் கருவியைத் தேர்ந்தெடுக்குமுன் கேள்வியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தெரிய வேண்டியது கசிவா? தேய்மானம் மாதாமாதம் எப்படிப் போகிறது என்பதா? அல்லது கம்ப்ரஷன் ரேஷியோவா? ஒவ்வொன்றுக்கும் வேறு வழி இருக்கிறது.

கேஜ் ஏன் ஏமாற்றுகிறது

.40 அளவு (0.40 கன அங்குலம்) எஞ்சினை எடுத்துக்கொள்வோம். போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 21 மி.மீ.; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் நகரும் தூரம், 19 மி.மீ.; கொள்ளளவு சுமார் 6.5 சி.சி. முழு ஸ்ட்ரோக்கை வைத்துக் கணக்கிட்டு ரேஷியோ 10:1 என்றால், பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மிஞ்சுகிற இடம் 0.72 சி.சி. மட்டுமே. எக்ஸாஸ்ட் போர்ட் மூடிய பிறகுதான் அழுத்தம் ஏறத் தொடங்கும். அப்போது ஸ்ட்ரோக்கில் 70 சதவீதம் மிச்சமிருக்கிறது என்று வைத்தால், உள்ளே சிக்குகிற காற்று சுமார் 5.27 சி.சி. உண்மையான சுருக்க விகிதம் 7.3. கையால் மெதுவாகத் திருப்பி, சூடேறாமல் அழுத்தினால் கேஜில் 6.3 பார், அதாவது 91 பி.எஸ்.ஐ. வர வேண்டும்.

இப்போது பிளக் துளையில் அடாப்டர் மாட்டி, 3 மி.மீ. உள்விட்டமுள்ள 15 செ.மீ. குழாய் வழியாகக் கேஜைச் சேர்த்துப் பாருங்கள். அந்தக் குழாயின் உள்ளே மட்டும் 1.06 சி.சி. இடம் இருக்கிறது. எரியறையை விடக் குழாய் பெரிது! சுருக்க விகிதம் 3.56க்கு இறங்கிவிடும், கேஜ் 37 பி.எஸ்.ஐ. காட்டும். எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. .049 அளவு, அதாவது 0.8 சி.சி. எஞ்சினில் எரியறையே 0.1 சி.சி. சொச்சம்தான். அங்கே கேஜின் உள்ளே இருக்கும் வளைகுழாய் ஒன்றே கணக்கைக் கவிழ்த்துவிடும்.

இதற்கு ஒரே மருந்து, ஒருவழி வால்வை எரியறைக்கு எவ்வளவு பக்கத்தில் வைக்க முடியுமோ அவ்வளவு பக்கத்தில் வைப்பது. வால்வுக்கு முன்னால் உள்ள இடம் 0.1 சி.சி.க்குள் அடங்கினால், மேலே சொன்ன 91 என்பது 80 ஆக மட்டும் குறையும். வால்வுக்குப் பின்னால் எவ்வளவு நீளக் குழாய் இருந்தாலும் கவலையில்லை. பத்துச் சுற்றில் அது நிரம்பிவிடும். ஆனால் அங்கே சாதாரண டயர் வால்வ் கோர் போடக் கூடாது. அதன் ஸ்பிரிங் கடினமானது, திறக்கவே அழுத்தம் கேட்கும், அந்த அளவுக்கு முள் குறைத்துக் காட்டும். கம்ப்ரஷன் டெஸ்டருக்கென்று மென்மையான ஸ்பிரிங் வைத்த கோர் தனியாகக் கிடைக்கிறது.

அடாப்டரைச் செய்வது கடினமில்லை. குளோ பிளக்கின் மரை அங்குலத்துக்கு 32 சுற்று உள்ள கால் அங்குல மரை. எரிந்துபோன பிளக் ஒன்றை எடுத்து, நடுமுள்ளையும் இன்சுலேட்டரையும் தட்டி எடுத்துவிட்டு, அந்த உடலில் 1 மி.மீ. துளையுள்ள பித்தளைக் குழாயை சில்வர் சால்டர் வைத்துப் பற்றவைக்கலாம். 1 மி.மீ. துளையில் 15 செ.மீ. நீளத்துக்கும் 0.12 சி.சி.தான் வரும். மாடல் கார் எஞ்சின்களில் வரும் டர்போ பிளக்குக்கு இது பொருந்தாது. அதன் மரையும் வேறு, கூம்பு இருக்கையும் வேறு.

இத்தனை செய்தும் எண் நிலையாக நிற்காது. கையால் மெதுவாகத் திருப்பினால் 91 வரவேண்டிய அதே எஞ்சினில், ஸ்டார்ட்டரால் வேகமாகச் சுழற்றினால், காற்று சூடேறுவதால் கணக்குப்படி 220ஐத் தாண்டும். நடைமுறையில் கசிவும் சுவர்க் குளிர்ச்சியும் சேர்ந்து, இரண்டுக்கும் நடுவே எங்கோ ஒரு எண் வரும். அது பேட்டரி சார்ஜைப் பொறுத்து மாறும். கேஜ்தான் வேண்டும் என்பவர்கள் அதே ஸ்டார்ட்டர், முழு சார்ஜ், த்ராட்டில் முழுவதும் திறந்து, 5 விநாடி என்று ஒரே முறையில் எடுக்க வேண்டும். அந்த எண்ணை அதே எஞ்சினின் பழைய எண்ணோடு மட்டும் ஒப்பிட வேண்டும். இன்னொருவர் கேஜில் வந்த எண்ணோடு ஒப்பிடுவதில் பொருளே இல்லை.

எண்ணெய் விட்டுப் பார்க்கும் பழக்கம்

கார் எஞ்சினில் கம்ப்ரஷன் குறைந்தால் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடி பார்ப்பார்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. மாடல் எஞ்சினில் இந்தச் சோதனை நேரடியாகப் பொய் சொல்லும். 0.72 சி.சி. அறையில் 0.1 மி.லி. எண்ணெய் விட்டாலே அறை 0.62 ஆகச் சுருங்குகிறது. ரிங் எதுவும் சரியாகாமலேயே 91 என்பது 106 ஆக ஏறிவிடும். 0.2 மி.லி. விட்டால் 127. "எண்ணெய் விட்டதும் ஏறியது, அப்படியானால் ரிங்தான்" என்று முடிவுகட்டி நல்ல ரிங்கைக் கழற்றி எறிவது இப்படித்தான் நடக்கிறது. இன்னும் கொஞ்சம் விட்டு ஸ்டார்ட்டரை வைத்தால் திரவம் சுருங்காது, கனெக்டிங் ராட்தான் வளையும்.

அதற்காக உலர்ந்த எஞ்சினைச் சோதிப்பதும் தவறு. வார்ப்பிரும்புப் பிஸ்டன், எஃகு லைனர் (சிலிண்டரின் உள்ளுறை) என்று உரசிப் பொருத்திய பழைய எஞ்சின்களில் சீலே எண்ணெய்ப் படலம்தான். சரியான வழி: எரிபொருளை மெத்தனால் விட்டுக் கழுவி, காயவிட்டு, லைனர் சுவரில் மட்டும் ஒரு துளி எண்ணெய் விட்டு, பிளக் இல்லாமல் பத்துச் சுற்று சுற்றி மிச்சத்தை வெளியே துப்பவிட்டு, பிறகு சோதிப்பது. ஒவ்வொரு முறையும் அதே எண்ணெய், அதே அறைவெப்பம். ஆமணக்கெண்ணெய் விடிகாலையில் ஒரு கெட்டி, மதிய வெயிலில் வேறு கெட்டி. அந்த வித்தியாசம் அப்படியே அளவில் தெரியும்.

பல வருடம் பெட்டியில் கிடந்த எஞ்சினில் இன்னொரு பொறி இருக்கிறது. காய்ந்து பிசினான ஆமணக்கெண்ணெய் தேய்மான இடைவெளியை அடைத்துக்கொண்டு, அருமையான கம்ப்ரஷன் இருப்பதுபோல் காட்டும். சூடு காட்டி, கழுவி, பிறகுதான் எதையும் நம்ப வேண்டும்.

பிஞ்ச் வேறு, கம்ப்ரஷன் வேறு

ஏ.பி.சி. எஞ்சினில், அதாவது அலுமினியப் பிஸ்டனும் குரோம் பூசிய பித்தளை லைனரும் உள்ளதில், லைனர் மேலே போகப் போகக் குறுகும். குளிர்ந்த நிலையில் பிஸ்டன் உச்சியில் இறுகிப் பிடிக்கும். ஓடிச் சூடேறும்போது பித்தளை கூடுதலாக விரிந்து இடைவெளி சரியாகும். கையால் திருப்பும்போது உச்சியில் வருகிற அந்த இறுக்கத்தைப் பலர் கம்ப்ரஷன் என்று எண்ணிக்கொள்கிறார்கள். பிரித்தறிய ஒரு நிமிடம் போதும்: பிளக்கைக் கழற்றிவிட்டுத் திருப்புங்கள். அப்போதும் உச்சியில் பிடித்தால் அது பிஞ்ச். பிளக் போட்டதும் கூடுதலாகத் தெரிகிற, ரப்பர்போல் திருப்பித் தள்ளுகிற எதிர்ப்புதான் கம்ப்ரஷன். புது எஞ்சினைக் குளிரிலேயே இப்படி நாற்பது முறை திருப்பிப் பார்க்காதீர்கள். ஹேர் டிரையரால் ஹெட்டைச் சூடாக்கிவிட்டுச் செய்வது பிஸ்டனுக்கு நல்லது.

ரிங் உள்ள எஞ்சினில் கதை தலைகீழ். எரியறையின் வாயு ரிங்கின் பின்னால் போய் அதைச் சுவரோடு அழுத்தும்போதுதான் அது முழுமையாக சீல் ஆகும். மெதுவாகத் திருப்பினால் தளர்வாகத் தெரியும். அதை வைத்து மட்டும் ரிங் எஞ்சினைத் தள்ளிவிடக் கூடாது.

எடை தொங்கவிடும் சோதனை

டூ-ஸ்ட்ரோக் குளோ எஞ்சினுக்கும் டீசலுக்கும் எங்கள் முதல் தேர்வு இதுதான். செலவே இல்லை, பிளக்கையும் கழற்ற வேண்டாம். அதுவே இதன் பெரிய பலம். கேஜ் அடாப்டர் பிளக்கின் இடத்தில் உட்காருகிறது. கசிகிற பிளக்கோ நசுங்கிய செப்பு வாஷரோ இருந்தால், அந்தக் குற்றவாளியை வெளியே எடுத்துவிட்டு விசாரணை நடத்துவதுபோல் ஆகிவிடும்.

புரொப்பெல்லருக்குப் பதிலாக 250 மி.மீ. நீள அலுமினியப் பட்டை ஒன்றை நடுத்துளையில் மாட்டுங்கள். இரு பக்கமும் சமநிலையில் இருக்க வேண்டும். மையத்திலிருந்து சரியாக 100 மி.மீ. தள்ளி ஒரு துளை, அதில் எடை தொங்க ஒரு கொக்கி. எஞ்சினை வைஸில் கிடையாகப் பிடித்துக்கொண்டு, பின்னால் கோணமானி அட்டை ஒன்றை ஒட்டுங்கள்.

மேலே சொன்ன .40 எஞ்சினில் 200 கிராம் தொங்கவிட்டால், கசிவே இல்லாதவரை பிஸ்டன் உச்சிக்குச் சுமார் 70 டிகிரி முன்னாலேயே நின்றுவிடும். அந்த இடத்தில் பட்டை கிடைமட்டமாக இருக்கும்படி நட்டைத் தளர்த்தி முறுக்கிக்கொள்ளுங்கள். எடையை மெல்ல விடுங்கள். நின்ற இடத்திலிருந்து 20 டிகிரி நகர எவ்வளவு விநாடி ஆகிறது என்பதுதான் உங்கள் எண். காற்று கசியக் கசியப் பட்டை இறங்கும். நல்ல எஞ்சினில் கண்ணுக்கே தெரியாமல் நகரும், தேய்ந்ததில் உஸ்ஸென்று உடனே விழும். ஐந்து முறை எடுத்து நடு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த அளவு எஞ்சினைக் கசிவே இல்லாமல் உச்சிக்கு மேல் தள்ள ஏறக்குறைய 650 கிராம் தேவைப்படும். அதனால் 400க்கு மேல் போகாதீர்கள். ஒரே எடையை எல்லா எஞ்சினுக்கும் மாட்டாமல் கொள்ளளவுக்கு ஏற்பக் குறையுங்கள்.

எடை விழுந்தால் எங்கே கசிகிறது? பிளக்கைச் சுற்றியும் ஹெட் விளிம்பிலும் சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். குமிழி வந்தால் வாஷர் அல்லது ஹெட் திருகு, மலிவில் முடிந்தது. வராவிட்டால் காற்று பிஸ்டனைத் தாண்டிப் போகிறது. எக்ஸாஸ்டில் ஒரு குழாயை வைத்துக் காதில் கேட்டாலே அந்தச் சீறல் தெரியும்.

சூடாக இருக்கும்போது திரும்பக் கிளம்ப மாட்டேன் என்கிற எஞ்சினுக்கு இந்தச் சோதனையை இருமுறை செய்ய வேண்டும்: ஒரு முறை குளிரில், ஒரு முறை ஹெட்டைச் சூடுபடுத்தி. பிஞ்ச் தேய்ந்த ஏ.பி.சி. குளிரில் தேறிவிடும், சூட்டில் விழும்.

டீசல் எஞ்சினுக்கு வேறு வழியே இல்லை. பிளக் துளையே கிடையாது. மேலே கான்ட்ரா பிஸ்டனும் (எரியறையின் கூரையாக நிற்கும், நகர்த்தக்கூடிய அடைப்பு) அதை அழுத்தும் திருகும்தான். மில்ஸ் 0.75 போன்ற ஒன்றில் ரேஷியோவை 16:1 என்று வைத்தால், உச்சியில் மிஞ்சும் இடம் 0.05 சி.சி. விரல் நுனியில் நிற்கிற ஒரு சொட்டுத் தண்ணீரின் அளவு. அங்கே எந்தக் கேஜுக்கும் இடமில்லை. எடை விழும்போது கான்ட்ரா பிஸ்டனைச் சுற்றி மேலே ஒரு துளி எண்ணெய் விட்டுப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு அங்கேதான், கீழே இருக்கிற பிஸ்டன் மேல் பழிபோட வேண்டாம்.

அழுத்தம் இறங்கும் நேரம்: பி.பி. கேஜ் முறை

ஃபோர்-ஸ்ட்ரோக் என்றால் இதற்குத்தான் எங்கள் வாக்கு. டூ-ஸ்ட்ரோக்குக்கும் துல்லியம் வேண்டுமானால் இதுவே. மருந்துக் கடையில் கிடைக்கும் சாமான்கள் போதும்: இரத்த அழுத்தம் பார்க்கும் முள் கேஜ் (300 மி.மீ. பாதரசம் வரை), 50 அல்லது 60 மி.லி. சிரிஞ்ச், த்ரீ-வே (மூன்று வழி திறந்து மூடும் இணைப்பு), டிரிப்ஸ் குழாய் ஒரு முழம். இவற்றோடு மேலே சொன்ன பிளக் அடாப்டர்.

உச்ச அழுத்தம் அளக்கும்போது எதிரியாக இருந்த குழாயின் இடம் இங்கே நண்பன். அடைத்துவைத்த காற்று அதிகமாக இருந்தால் அதே கசிவில் முள் மெதுவாக இறங்கும், நேரம் எடுக்க வசதி. முள் சட்டென்று விழுந்தால் சிரிஞ்சின் தண்டைக் கயிற்றால் கட்டி, அதையும் சுற்றில் விட்டுவிடுங்கள். பிறகு எந்த எஞ்சினைச் சோதித்தாலும் அதே அமைப்பு, அதே குழாய் நீளம்.

முதலில் அடாப்டர் நுனியை அடைத்து 200க்கு ஏற்றுங்கள். ஒரு நிமிடம் முள் அசையக் கூடாது. அசைந்தால் உங்கள் இணைப்புதான் கசிகிறது. பிறகு எஞ்சினில் மாட்டி, பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, 200லிருந்து 100க்கு இறங்கும் நேரத்தை எடுங்கள். டூ-ஸ்ட்ரோக்கில் எக்ஸாஸ்ட் போர்ட் மூடிய உடனே உள்ள இடத்திலும் ஒரு முறை எடுங்கள். நல்ல ஏ.பி.சி.யில் உச்சியில் நேரம் நன்றாகக் கூடியிருக்கும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டால் மேல் குறுகல் தேய்ந்துவிட்டது என்று பொருள்.

ஃபோர்-ஸ்ட்ரோக்கில் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில், இரு வால்வும் மூடிய நிலையில் வையுங்கள். எக்ஸாஸ்ட் குழாய், கார்புரேட்டர் வாய், கிராங்க்கேஸ் பிரீதர் மூன்றிலிருந்தும் சிறு குழாய்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் விடுங்கள். குமிழி வருகிற குழாயே பதில்: எக்ஸாஸ்ட் வால்வு, இன்லெட் வால்வு, அல்லது ரிங். வால்வு என்று வந்தால் உடனே லேப்பிங் பேஸ்ட்டை (வால்வைத் தேய்த்துப் பொருத்தும் பசை) தேடாதீர்கள். முதலில் டேப்பெட் இடைவெளியைப் பாருங்கள். ஓ.எஸ். எஞ்சின்களுக்குக் குளிர்ந்த நிலையில் 0.04 முதல் 0.1 மி.மீ. இருக்க வேண்டும். இடைவெளியே இல்லாவிட்டால் வால்வு இருக்கையில் உட்காரவே உட்காராது. பாதி வழக்குகள் அங்கேயே தீர்ந்துவிடும்.

300 மி.மீ. என்பது 0.4 பார்தான். 21 மி.மீ. பிஸ்டனில் ஒன்றரை கிலோவுக்கும் குறைந்த விசை. கை பிடித்தால் நிற்கும். கம்ப்ரஸர் வைத்துச் செய்யும் கார் லீக்-டவுன் டெஸ்டர் அப்படியல்ல. சிறு விமான எஞ்சின்களுக்கு அமெரிக்க விமானத்துறை வகுத்த முறையில் 80 பி.எஸ்.ஐ. கொடுத்து, 0.040 அங்குலத் துளை வழியாகக் கசிவை அளக்கிறார்கள். அதே 80 நம் பிஸ்டனில் 19 கிலோ விசை. உச்சியிலிருந்து இம்மி விலகினாலும் புரொப் விரலை அறையும். அதைவிட, அந்த 1 மி.மீ. துளை மாடல் எஞ்சினின் கசிவுக்கு மிகப் பெரிது. தேய்ந்த எஞ்சினிலும் அந்த டெஸ்டரின் இரண்டு முள்ளும் (துளைக்கு முன் அழுத்தம், பின் அழுத்தம்) ஒட்டியே நிற்கும். ஆபத்தும் கூட, தகவலும் குறைவு. இதற்காகப் பணம் செலவழிக்க வேண்டாம்.

இந்த முறைக்கும் ஒரு குறை உண்டு: குறைந்த அழுத்தத்தில் ரிங் முழுதாக விரியாது. ரிங் எஞ்சினின் நேரத்தை ஏ.பி.சி.யின் நேரத்தோடு ஒப்பிடக் கூடாது.

பெட்ரோல் எஞ்சின், ரேஷியோ

20 சி.சி.க்கு மேற்பட்ட பெட்ரோல் எஞ்சின்களில் கேஜ் மறுபடி அர்த்தமுள்ளதாகிறது. சி.எம்-6 பிளக்கின் மரை 10 மி.மீ. என்பதால் பைக்குக்கான கேஜ் அடாப்டரே பொருந்தும். வால்வு நுனியில் உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். அடாப்டரின் மரை நீளம் பிளக்கை விட அதிகமாக இருந்தால் பிஸ்டனில் இடிக்கும். கையால் ஒரு சுற்று திருப்பிப் பார்த்த பிறகே ஸ்டார்ட்டரை வையுங்கள். இக்னிஷனை அணைத்து, பிளக்கைத் தொப்பியில் செருகி எஞ்சின் உடலோடு தொட வையுங்கள். பொறிக்கு வழியில்லாமல் விட்டால் பொறியை உண்டாக்கும் சி.டி.ஐ. பெட்டி போய்விடும்.

கசிவு இல்லை, ஆனால் எரிபொருளில் நைட்ரோ (நைட்ரோமீத்தேன்) கூட்டப் போகிறேன், ஷிம் (மெல்லிய தகடு) போடலாமா என்பது கேள்வியானால் எந்த கேஜும் வேண்டாம். எஞ்சினை நிமிர்த்தி, பிஸ்டனை உச்சியில் வைத்து, விளிம்பில் துளி கிரீஸ் தடவி, 1 மி.லி. சிரிஞ்சால் மெல்லிய எண்ணெயைப் பிளக் துளையின் மேல் வரை நிரப்புங்கள். சிரிஞ்சில் கவனம்: நம் கடைகளில் அதிகம் கிடைக்கும் 40 யூனிட் இன்சுலின் சிரிஞ்சில் ஒரு கோடு 0.01 மி.லி. அல்ல, 0.025 மி.லி. 0.01 கோடுள்ள டியூபர்குலின் சிரிஞ்சைக் கேட்டு வாங்குங்கள். 0.86 மி.லி. பிடித்து, அதில் பிளக் மரைத் துளைக்கு 0.14 போனால் அறை 0.72, ரேஷியோ 10. ஹெட்டுக்கு அடியில் 0.1 மி.மீ. ஷிம் சேர்த்தால் அறை 0.035 சி.சி. கூடி, ரேஷியோ 9.6 ஆகும். அளந்து முடித்ததும் எண்ணெயை முழுவதும் வெளியே எடுத்து, பிளக் இல்லாமல் நாலு சுற்று சுற்றிவிட்டுத்தான் ஸ்டார்ட்டரைத் தொட வேண்டும்.